சப்பியும் மணியும்: கோள்களின் காற்று ஏன் ஒன்றுபோல் இல்லை

வன்னியில் கிணற்றை நம்பித் தோட்டம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் கிணற்று நீர் 25 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால், மேலே வைத்த இறைப்பு மிசின் தண்ணீர் எடுக்காது. புட் வால்வு சரியாக இருக்கும், குழாயில் ஓட்டை இருக்காது, மிசினும் ஓடும், தண்ணீர் மட்டும் வராது. மிசினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தால் உடனே இறைக்கும். மிசினுக்குப் பலம் போதவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மிசின் நீரை மேலே இழுப்பதே இல்லை. குழாய்க்குள் இருக்கும் அமுக்கத்தை அது குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் வெளிக்காற்றுத்தான் நீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. எங்கள் காற்றால் நீரை ஏறத்தாழ 34 அடி வரைதான் தள்ள முடியும். குழாயின் உராய்வும் கசிவும் கழிய நடைமுறையில் மிஞ்சுவது அந்த 25 அடி.

அந்த 34 அடி நீரின் பாரம்தான் பூமியின் வளிமண்டல அமுக்கம். இரணைமடுக் குளம் நிரம்பி 36 அடியைத் தொடும்போது ஆழமான இடத்தின் அடிநிலத்தை நீர் எவ்வளவு அழுத்துமோ, கிட்டத்தட்ட அவ்வளவு பாரத்தைக் காற்று எங்கள் எல்லார்மேலும் வைத்திருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு கிலோ. உடலுக்குள் இருந்தும் அதே அமுக்கம் வெளியே தள்ளுவதால் அது எங்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது அதே மிசினை மற்றக் கோள்களுக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயில் காற்றின் அமுக்கம் எங்களுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நகத்தளவு இடத்தில் 6 கிராம் பாரம்தான். அங்கே ஈர்ப்பு குறைவு என்பதையும் கணக்கில் எடுத்தால், நீர் குழாயில் 16 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் ஏறும். அதுவும் நீராக நிற்காது. அந்த அமுக்கத்தில் நீர் 0 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளியில் அமுக்கம் எங்களுடையதைப் போல் 90 மடங்குக்கு மேல். நகத்தளவு இடத்தில் ஒரு நெல் மூட்டைக்கு மேற்பட்ட பாரம். இரணைமடுவை 85 தடவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அதன் அடியில் இருக்கும் அமுக்கம் அது. அமுக்கத்தை மட்டும் பார்த்தால் ஒரு கிலோமீற்றர் ஆழக் கிணற்றிலிருந்தும் நீர் ஏற வேண்டும். ஆனால் 460 பாகையில் நீர் என்று ஒன்று அங்கே இல்லை. புதனில் தள்ளுவதற்குக் காற்றே இல்லை என்று சொல்லிவிடலாம். வியாழனிலோ கிணறு வெட்ட நிலமே இல்லை.

ஒரே சூரியனைச் சுற்றும் கோள்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான். அதை நெற்களத்தில் காணலாம்.

களத்தில் நடப்பது

சூடு மிதித்து நெல்லைத் தூற்றும்போது உள்ளே அரிசி இல்லாத சப்பியைக் காற்று கொண்டுபோகிறது, மணி காலடியில் விழுகிறது. காற்று பலமாக அடித்தால் அரை மணியும் சேர்ந்து போகும். காற்று விழுந்துவிட்டால் சப்பியும் நெல்லோடு குவியும். இன்றைய அறுவடை மிசினுக்குள் இருக்கும் விசிறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் வேகத்தைக் கூட்டிவிட்டால் நல்ல நெல் வயலில் சிந்தும், குறைத்துவிட்டால் சாக்கில் சப்பி ஏறும். நெல் எவ்வளவு பாரம், காற்று எவ்வளவு பலம் என்ற இரண்டுக்கும் இடையிலான கணக்கு இது.

கோள் ஒன்று தன் வளியைக் காப்பாற்றுவதும் இப்படித்தான். வளியின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவை. வெப்பம் கூடக்கூட அவை வேகமாக ஓடும். ஒரே வெப்பநிலையில் இலேசான மூலக்கூறு வேகமாகவும் பாரமானது மெதுவாகவும் ஓடும். கோளின் ஈர்ப்பு அவற்றைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. ஈர்ப்பை மீறி வெளியேறத் தேவையான வேகத்தைத் தப்பல் வேகம் என்பார்கள். பூமியில் அது செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர். செவ்வாயில் 5.0, புதனில் 4.25, சந்திரனில் 2.4. வியாழனிலோ 59.5.

கணக்கைக் கையாலே செய்து பார்க்கலாம். வெப்பநிலையைக் கெல்வினில் எடுங்கள், அதாவது செல்சியசோடு 273ஐக் கூட்டுங்கள். அதை மூலக்கூற்றுத் திணிவால் வகுங்கள். ஐதரசனுக்கு 2, ஈலியத்துக்கு 4, நைதரசனுக்கு 28, காபனீரொட்சைட்டுக்கு 44. வந்த விடைக்கு வர்க்கமூலம் எடுத்து 158ஆல் பெருக்கினால் மூலக்கூறின் வேகம் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று கிடைக்கும். அதை ஆறு மடங்காக்கிப் பாருங்கள். அந்த ஆறு மடங்கு தப்பல் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த வளி நூறு கோடிக் கணக்கான ஆண்டுகளுக்கு நிற்கும். கூடினால் காலப்போக்கில் போய்விடும்.

ஏன் ஆறு மடங்கு? நாம் கணிப்பது சராசரி வேகத்தை. கூட்டத்தில் சில மூலக்கூறுகள் எப்போதும் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். அவை முதலில் தப்பும். மிச்சமிருப்பவற்றிலிருந்து மீண்டும் சில வேகமெடுக்கும். அவையும் தப்பும். இப்படித்தான் காலத்தோடு களம் காலியாகிறது.

பூமிக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாகப் படிப்பவர்கள் இங்கே வழக்கமாக விடும் பிழை, நிலத்து வெப்பநிலையான 27 பாகையை எடுப்பது. நிலத்தருகே ஓடும் மூலக்கூறு அடுத்த மூலக்கூறில் மோதித் திரும்பிவிடும், தப்ப வழியில்லை. தப்புவது காற்று மிக மெலிந்துபோன உச்சியிலிருந்துதான். எங்கள் வளிமண்டலத்தின் உச்சி ஏறத்தாழ 1000 கெல்வின் வரை சூடானது. 1000ஐ 2ஆல் வகுத்தால் 500, வர்க்கமூலம் 22.4, அதை 158ஆல் பெருக்கினால் 3.5 கிலோமீற்றர். ஆறு மடங்கு 21. இது 11.2ஐத் தாண்டுகிறது, ஆகவே ஐதரசன் நிற்காது. ஈலியத்துக்கு 15 வரும், அதுவும் நிற்காது. நைதரசனுக்கு 5.7. அது நிற்கிறது. எங்கள் காற்றில் 78 வீதம் நைதரசனாகவும், பிரபஞ்சத்திலேயே மலிந்து கிடக்கும் ஐதரசன் வாயு மிகச் சொற்பமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

வியாழனின் உச்சி வெப்பநிலை ஏறத்தாழ 900 கெல்வின். ஐதரசனின் வேகத்தின் ஆறு மடங்கு 20. தப்பல் வேகமோ 59.5. சப்பிகூடப் பறக்க முடியாத களம் அது.

இன்னும் தெளிவாகக் காட்டுவது சனியின் துணைக்கோளான டைட்டன். அதன் தப்பல் வேகம் 2.6 கிலோமீற்றர்தான், புதனுடையதைவிடக் குறைவு. ஆனால் புதனில் காற்று இல்லை, டைட்டனிலோ பூமியைவிட ஒன்றரை மடங்கு அமுக்கமுள்ள நைதரசன் காற்று இருக்கிறது. வித்தியாசம் குளிர். நிலத்தில் மறை 179 பாகை, உச்சியிலும் கடுங்குளிர். 150 கெல்வினில் நைதரசனின் ஆறு மடங்கு 2.2தான் வருகிறது, பறக்கப் போதாது. மெல்லிய காற்றில் தூற்றினால் சப்பியும் காலடியில்தான் விழும்.

கணக்கு பிழைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில்தான் படிக்க வேண்டியது அதிகம். செவ்வாய்க்கு இதைப் போட்டால் நைதரசனும் காபனீரொட்சைட்டும் நன்றாக நிற்கும் என்றே விடை வரும். ஆனால் செவ்வாயின் காற்று பெரும்பாலும் போய்விட்டது. சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் இடைவிடாமல் வீசுகின்றன. அவை வளிமண்டலத்தின் உச்சியில் மோதி அணுக்களைச் சுரண்டிக்கொண்டு போகின்றன. வெப்பம் தூற்றுவது ஒரு காற்று, இது வெளியிலிருந்து வரும் இரண்டாவது காற்று. செவ்வாய்க்கு ஒருகாலத்தில் கோள் முழுவதற்கும் இருந்த காந்தப்புலம் அணைந்துபோனதும், ஈர்ப்புக் குறைந்த அந்தக் கோளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2014இல் செவ்வாயை அடைந்த மேவன் விண்கலம் ஆகன் வாயுவின் இலேசான வகையையும் பாரமான வகையையும் அளந்து, அங்கிருந்த ஆகனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டதாகக் காட்டியது.

ஆனால் காந்தப்புலம்தான் எல்லாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெள்ளிக்கும் சொந்தக் காந்தப்புலம் இல்லை. அதன் காற்றோ எல்லாப் பாறைக்கோள்களிலும் தடித்தது.

கூடப் பிறந்த காற்றும் பிறகு வந்த காற்றும்

சூரியனைச் சுற்றியிருந்த வாயுவும் தூசும் கலந்த தட்டிலிருந்துதான் கோள்கள் உருவாகின. சூரியனுக்கு அருகில் வெப்பம் அதிகம், அங்கே பாறையும் உலோகமும் மட்டும் திண்மமாக நின்றன. தூரத்தில் நீரும் பனிக்கட்டியாக உறைந்ததால் கட்டுமானப் பொருள் அதிகம். அங்கே உருவான கருக்கள் பூமியைப் போல் பத்து மடங்களவு வளர்ந்து, தட்டு கலைந்துபோவதற்கு முன்பே சுற்றியிருந்த ஐதரசனையும் ஈலியத்தையும் வாரி எடுத்துக்கொண்டன. வியாழனும் சனியும் அப்படி வந்தவை. அவற்றின் காற்று கூடப் பிறந்தது. சூரியன் எதனால் ஆனதோ, ஏறத்தாழ அதனாலேயே ஆனது.

பாறைக்கோள்களைச் சுற்றி ஆரம்பத்தில் இருந்த இலேசான வாயு பறந்துவிட்டது. இன்று இருப்பது பிறகு வந்த காற்று: எரிமலைகள் கக்கிய நீராவி, காபனீரொட்சைட்டு, நைதரசன், அத்தோடு விண்கற்கள் கொண்டுவந்தவை. கல்லுக்குள்ளிருந்து வந்த காற்று என்று சொன்னால் பொருந்தும். அதனால்தான் பாறைக்கோள்களின் காற்றைப் படிக்கும்போது கல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளியும் சுண்ணக்கல்லும்

புதனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சோடியம், ஒட்சிசன், ஐதரசன், ஈலியம் ஆகியவற்றின் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமலே மேற்பரப்பிலிருந்து துள்ளித் திரிகின்றன. அதை வளிமண்டலம் என்று சொல்வதும் கடினம். போர்வை இல்லாததால் பகலில் 430 பாகை, இரவில் மறை 180.

வெள்ளியில் நின்று பேச வேண்டும். புதனுக்குக் கிடைக்கும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதிலும் முக்கால் பங்கை அதன் முகில்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அந்தப் பளபளப்பைத்தான் நாம் விடிவெள்ளியாகக் காண்கிறோம். ஆனாலும் நிலத்தில் இரவு பகல் பேதமில்லாமல் 464 பாகை. ஈயம் 327 பாகையில் உருகும்.

காரணத்தைத் தை, மாசி மாதங்களில் உங்கள் தகரக் கூரையிலேயே காணலாம். வானம் வெளித்திருந்த இரவுக்கு அடுத்த காலையில் தகரத்திலிருந்து பனி சொட்டும். முகில் மூடிய இரவுக்குப் பிறகு தகரம் காய்ந்தே இருக்கும். வானம் வெளித்திருந்தால் தகரம் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே விட்டுக் குளிர்ந்துவிடுகிறது. முகில் இருந்தால் அது அந்தக் கதிரை உறிஞ்சி ஒரு பகுதியைக் கீழே திருப்புகிறது. நீராவியும் காபனீரொட்சைட்டும் இதையே செய்கின்றன. எங்கள் காற்றில் காபனீரொட்சைட்டு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் இருக்கிறது. இந்த வளிகளின் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 பாகையாக இராமல் மறை 18ஆக இருக்கும். வெள்ளியில் காற்றின் 96.5 வீதமும் காபனீரொட்சைட்டு, அதுவும் 90 மடங்குக்கு மேற்பட்ட தடிப்பில்.

அப்படியானால் பூமியின் காபனீரொட்சைட்டு எங்கே போனது? எங்கள் காலடியில் கிடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளை வெட்டும்போது தட்டுப்படும் சுண்ணக்கல், மன்னார்க் கரையோரமாகத் தெற்கே நீளும் அதே கல், ஒருகாலத்தில் காற்றில் இருந்த காபனீரொட்சைட்டை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. சுண்ணாம்புச் சூளையில் தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மற்ற 44 கிலோவும் காபனீரொட்சைட்டாகக் காற்றில் கலந்துவிடும். உலகம் முழுவதும் உள்ள இப்படியான பாறைகளிலிருந்து அத்தனையையும் வெளியேற்றினால், வெள்ளியின் காற்றோடு ஒப்பிடக்கூடிய அளவு காபனீரொட்சைட்டு எங்களுக்கும் கிடைக்கும். இரண்டு கோள்களும் ஏறத்தாழ ஒரே அளவு பொருளோடுதான் ஆரம்பித்திருக்கின்றன. ஒன்று கல்லில் பூட்டிவிட்டது, மற்றது காற்றிலேயே விட்டுவிட்டது.

பூட்டியது நீர். மழை காற்றிலிருந்து காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகப் பெய்கிறது. அது பாறையை அரிக்கிறது. அரித்ததை ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகின்றன. சிப்பிகளும் பவளங்களும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அதை ஓடாக்குகின்றன. ஓடுகள் படிந்து கல்லாகின்றன. நந்திக்கடல் கரையில் ஒதுங்கும் ஒவ்வொரு மட்டி ஓட்டிலும் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது. ஒட்சிசனின் கதையும் உயிரின் கதைதான். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது எங்கள் காற்றில் தேங்கத் தொடங்கியது. வேறு எந்தக் கோளின் காற்றிலும் 21 வீத ஒட்சிசன் இல்லை.

வெள்ளி சூரியனுக்குக் கிட்ட இருப்பதால் அதன் நீர் கடலாக நிலைக்கவில்லை. நீராவியாக உயரே போனது, புற ஊதாக் கதிர் அதை உடைத்தது, ஐதரசன் பறந்தது. இதற்குச் சான்று உண்டு. ஐதரசனில் சாதாரணமானதும், அதைப்போல் இரண்டு மடங்கு பாரமான தியூத்தேரியமும் உண்டு. சாதாரணமானது முதலில் பறக்கும், பாரமானது பிந்தும். வெள்ளியில் மிச்சமிருக்கும் ஐதரசனில் தியூத்தேரியத்தின் பங்கு பூமியில் உள்ளதைப்போல் 100 மடங்குக்கு மேல் என்று 1978இல் போன பயோனியர் வீனஸ் கலத்தின் அளவீடுகள் காட்டின. தூற்றி முடிந்த களத்தில் பாரமான மணிகள் மட்டும் எஞ்சிக் கிடப்பதைப் பார்த்தால், அங்கே எவ்வளவு சப்பி பறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்கு.

வெள்ளியின் முகில்கள் நீரால் ஆனவை இல்லை. நிலத்திலிருந்து ஏறத்தாழ 48 முதல் 70 கிலோமீற்றர் உயரம் வரை சல்பூரிக்கமிலத் துளிகள். அவற்றின் மேல் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் ஓடி, நான்கு நாளில் கோளைச் சுற்றிவிடுகிறது. நிலத்தருகே காற்று ஆள் நடக்கும் வேகம்தான். ஆனால் அந்தக் காற்றின் அடர்த்தி எங்களுடையதைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல் என்பதால், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகக் காற்று இங்கே மணிக்கு 26 கிலோமீற்றரில் வீசும் சோளகம்போலத் தள்ளும். செவ்வாயில் இதற்கு மறுதலை. அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் புழுதிப்புயல் என்று படித்தால் பயந்துவிடாதீர்கள். அந்த மெலிந்த காற்று இங்குள்ள 13 கிலோமீற்றர் தென்றலின் அளவுதான் தள்ளும். ஆபத்து தள்ளுவதில் இல்லை, தூசு வெயிலை மறைப்பதில்தான் இருக்கிறது. 2018இல் ஒப்பர்சுனிட்டி ஊர்தி சூரிய மின்சாரம் இல்லாமல் ஓய்ந்துபோனது அப்படியான புழுதியால்தான்.

வெள்ளியின் நிலத்திலிருந்து முதன்முதல் செய்தி அனுப்பிய கலம் சோவியத்தின் வெனேரா 7. இறங்கிய நாள் 1970 டிசம்பர் 15, நிலத்தில் தாக்குப்பிடித்தது 23 நிமிடம். 1982இல் இறங்கிய வெனேரா 13 இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நின்றது. அதற்கு மேல் வெப்பம் உள்ளே ஊறிக் கருவிகள் கெட்டுவிடும்.

செவ்வாயில் குளிர்காலம் வந்தால் காற்றே உறைந்து விழுகிறது

எங்கள் ஊரில் நீராவிதான் மழையாகவும் பனியாகவும் விழும், நைதரசன் விழாது. செவ்வாயின் காற்றில் 95 வீதம் காபனீரொட்சைட்டு. துருவத்தில் குளிர்காலம் வந்து வெப்பநிலை மறை 125 பாகையை அண்டினால் அந்தக் காற்றே திண்மமாகி நிலத்தில் படிகிறது. வெயில் வந்ததும் திரும்ப ஆவியாகிறது. இதனால் கோள் முழுவதிலும் அமுக்கம் பருவத்துக்குப் பருவம் கால் பங்களவில் ஏறி இறங்குகிறது. 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் இதை அளந்தன. மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் குளம்போல, அங்கே காற்றே நிரம்பி வற்றுகிறது.

இந்த மெலிந்த காற்றிலும் பறக்க முடியும் என்று 2021 ஏப்ரல் 19இல் இஞ்ஜெனுவிட்டி என்ற சிறு உலங்குவானூர்தி காட்டியது. எடை 1.8 கிலோ மட்டும். விசிறியின் நீளம் 1.2 மீற்றர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2400 சுற்று. இங்குள்ள உலங்குவானூர்திகளின் விசிறி சுற்றுவதைவிட ஐந்தாறு மடங்கு வேகம். தள்ளக் காற்று குறைவு என்றால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

அடி இல்லாத கோள்கள்

வியாழன் வாயுக்கோள் என்று படித்ததும், புகை மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முகிலுக்குக் கீழே எங்கோ நிலம் இருக்கும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. பானையில் நீர் கொதிக்கும்போது நீர் எது, ஆவி எது என்று பிரித்துக் காட்டும் மட்டம் ஒன்று இருக்கிறது. ஐதரசனுக்கு அப்படியான மட்டம் மறை 240 பாகைக்குக் கீழேதான் உண்டு. வியாழன் அதைவிட வெப்பமானது. ஆகவே கீழே போகப்போக ஐதரசன் நெருங்கி நெருங்கி, எந்த இடத்தில் என்று கோடு கிழிக்க முடியாமலே திரவம் போலாகிவிடுகிறது. இன்னும் ஆழத்தில் மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் போன்ற நிலைக்கு வருகிறது. நிலம் இல்லாததால், எங்கள் காற்றின் அமுக்கம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்துத்தான் உயரமும் ஆழமும் சொல்வார்கள். ‘வியாழனின் வெப்பநிலை மறை 108’ என்று படித்தால் அது அந்த மட்டத்து அளவு.

உள்ளே போய் அளந்த கருவி ஒன்றே ஒன்று. கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கலம் 1995 டிசம்பர் 7இல் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்தது. வெப்பக் கவசம் பெருமளவு எரிந்துபோக, பரசூட்டில் தொங்கியபடி ஏறத்தாழ 58 நிமிடம் செய்தி அனுப்பியது. கடைசியில் அமுக்கம் எங்களுடையதைப் போல் 22 மடங்கு, வெப்பநிலை 150 பாகைக்குச் சற்று மேல். போன ஆழம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். வியாழனின் ஆரை 70,000 கிலோமீற்றர். மாம்பழத் தோலில் நகம் பட்டது போன்ற ஆழம்கூட இல்லை.

அந்தக் கலம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான நீரைக் கண்டது. பல ஆண்டுகள் குழப்பமாக இருந்தது. பிறகுதான் அது விழுந்த இடம், வறண்ட காற்று கீழே இறங்கும் ஓர் ஓட்டை என்று தெளிவானது. ஆடி மாதத்தில் ஒரே ஒரு நாள் வன்னிக்கு வந்து பார்த்துவிட்டு இங்கே மழையே இல்லை என்று எழுதினால் எப்படியோ அப்படி. 2016இல் வியாழனை அடைந்து அதைச் சுற்றிய ஜூனோ விண்கலம், மத்தியகோட்டுப் பகுதியில் நீர் நன்றாகவே இருப்பதை அளந்தது.

வியாழனின் காற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஐதரசன், மீதி பெரும்பாலும் ஈலியம். முகில்களாக மாறுபவை நூற்றில் ஒரு பங்கும் வராத மற்ற வளிகள். மேலே அமோனியாப் பனிக்கட்டி, அதற்குக் கீழே அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் சேர்ந்த முகில், அதற்கும் கீழே நீர் முகில். எது எந்த வெப்பநிலையில் உறையுமோ அந்தப் படியில் அது முகிலாகிறது, அவ்வளவுதான் விடயம். சனியிலும் அதே அடுக்குத்தான். ஆனால் குளிர் கூடியதால் முகில்கள் ஆழத்தில் இருக்கின்றன, மேலே மங்கலான புகார் மூடியிருக்கிறது. சனி வியாழனைவிட வெளிறித் தெரிவது அதனால்தான்.

யுரேனசிலும் நெப்டியூனிலும் ஐதரசனோடும் ஈலியத்தோடும் நூற்றில் இரண்டளவு மெதேன் சேர்கிறது. மெதேன் சிவப்பொளியை விழுங்கும், திரும்பி வருவது நீலமும் பச்சையும். வொயேஜர் 2 விண்கலம் எடுத்த நெப்டியூன் படங்கள் முகில்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நிறம் கூட்டி வெளியிடப்பட்டவை. அதனால் பாடப்புத்தகங்களில் அது கடும் நீலமாக இருக்கிறது. 2024இல் அந்தப் படங்களைத் திருத்திப் பார்த்தபோது யுரேனஸ், நெப்டியூன் இரண்டுமே வெளிறிய பச்சை கலந்த நீலம், நெப்டியூன் ஒரு துளி கூடுதல் நீலம் என்று தெரியவந்தது. சூரியனுக்கு மிகத் தூரத்தில் இருந்தும் நெப்டியூனில் காற்று மணிக்கு 2000 கிலோமீற்றரைத் தொடுகிறது. உராய்ந்து வேகத்தைக் குறைக்க மலையும் காடும் அங்கே இல்லை.

வயல்வெளியிலிருந்து பார்க்க

வன்னியின் இருட்டு ஒரு கொடை. இந்த அகலாங்கில் கோள்கள் தலைக்கு மேலாகவே போகும். 60 அல்லது 70 மில்லிமீற்றர் வில்லையுள்ள சிறு தொலைகாட்டி போதும். குவியத்தூரம் 700 மில்லிமீற்றராக இருந்து 10 மில்லிமீற்றர் கண்வில்லையைப் போட்டால் 70 மடங்கு பெருக்கம் கிடைக்கும். பெட்டியில் 500 மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். வில்லையின் மில்லிமீற்றரை இரண்டால் பெருக்கிய அளவுக்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் கலங்கிவிடும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே தொலைகாட்டியை வெளியே வைத்துக் குளிர விடுங்கள். தகரக் கூரைக்கும் சீமெந்து முற்றத்துக்கும் மேலாகப் பார்க்க வேண்டாம். பகலில் குடித்த வெப்பத்தை அவை இரவில் விடும்போது கோள் நீரடியில் கிடக்கும் காசுபோல நெளியும். புல்தரையோ வயல் வரம்போ நல்லது.

வெள்ளியைப் பார்த்தால் சில காலங்களில் பிறைபோலத் தெரியும். அதற்குள் ஒரு கோடுகூடத் தெரியாது. குறை தொலைகாட்டியில் இல்லை, நீங்கள் பார்ப்பது அமில முகிலை. வியாழனில் நான்கு துணைக்கோள்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு இணையாக வட்டத்தின் குறுக்கே இரண்டு கபிலப் பட்டைகளைத் தேடுங்கள். முதல் பார்வையில் தெரியாவிட்டால் கண்ணை எடுக்காமல் ஐந்து நிமிடம் பொறுங்கள், காற்று அடங்கும் கணங்களில் அவை துலங்கும். பட்டைகளுக்கு இடையே வெளுத்துத் தெரிவது, மேலேறிய காற்றில் உறைந்த அமோனியா முகில். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். ஆகவே ஒரு வட்டம் வரைந்து, பட்டையில் இருண்டு தெரியும் புள்ளி ஏதாவது இருந்தால் குறித்துவிட்டு, இரண்டரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அது கால் சுற்று நகர்ந்திருக்கும், சில வேளை விளிம்பைத் தாண்டி மறைந்தும் போயிருக்கும்.